தாகேதாவில் ஒரு திதிச் சாப்பாடு

தன் புருஷனுக்கு வைத்த திதிச் சாப்பாட்டில் தானே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்த பிறகுதான் அம்சவேணிக்கு விஷயம் தெரிந்தது. புருஷன் குழந்தைவேலு அந்த நேரம் கோயிலுக்கு வெளியே, வாடகைக் காரின் பின்சீட்டில், ஏசி போட்டுக்கொண்டு சௌக்கியமாக உட்கார்ந்திருந்தார்.

எடுத்த எடுப்பில் இப்படிச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? காலையிலிருந்து சொன்னால்தான் சரிவரும்.

கொரோனா வருவதற்கு முந்தின வருஷம் நடந்தது இது. பினாங்கில் மளிகைக் கடை வைத்து, கடை உண்டு வீடு உண்டு என்று இருந்த தம்பதி அவர்கள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்காக மகன் செல்வம் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தான். புக்கெட்டில் ஒரு நாள், ரங்கூனில் ஒரு நாள், மற்ற நாளெல்லாம் கடல். ரங்கூன் என்று காதில் விழுந்ததுமே அம்சவேணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. குழந்தைவேலு பிறந்த ஊர் ஆயிற்றே. ஐந்து வயதில் அப்பா அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு, தூரத்து மாமா ஒருவரோடு பினாங்குக்கு வந்து சேர்ந்தவர் என்றுதான் பெண் கேட்டு வந்தபோது அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். "அங்க எனக்குன்னு ஒரு ஈ காக்கா கெடையாது" என்பார் அவர். அதைச் சொல்லும்போது முகம் வாடிப்போகும். அம்சவேணி உடனே பேச்சை மாற்றிவிட்டு ஒரு டம்ளர் கோப்பி கலந்து கொண்டுவந்து வைப்பாள். இருபத்தைந்து வருஷத்தில் அந்த வாடிய முகத்துக்காக அவள் கலந்த கோப்பிக்குக் கணக்கே இல்லை.

கப்பல் ரங்கூனுக்குப் பக்கத்தில் தீலவா துறைமுகத்தில் வந்து நின்றதும் குழந்தைவேலுவுக்கு முட்டி வலி வந்துவிட்டது. "நீ போயிட்டு வா அம்சா. நான் ரூம்லயே படுத்திருக்கேன்" என்றார்.

"ஒங்க ஊர ஒங்கள விட்டுட்டு நான் மட்டும் போயி எதப் பாக்க? நீங்க வரலன்னா நானும் எறங்கல" என்று அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். அவள் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அது அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் தொப்பி ஒன்றை நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கிளம்பினார். சினிமாக்காரர் மாதிரி இருக்கிறீர்கள் என்று அவள் கேலி செய்தாள். அவர் சிரிக்கவில்லை.

கப்பல்காரர்களின் பஸ் நகரத்துக்குள் இறக்கிவிட்ட இடத்தில், "வாங்கம்மா, தமிழா?" என்று ஒரு குரல் கேட்டது. ஷாஹுல். சொந்தமாகக் கார் வைத்து ஊர் சுற்றிக் காட்டுகிறவர். தமிழ் முஸ்லிம், ஐம்பது வயது, வாய் ஓயாத மனிதர். தானே அவர்களைத் துறைமுகத்தில் கொண்டுபோய் விடுவதாகவும் சொன்னார். அம்சவேணிக்கு அவரைப் பார்த்ததும் பாதிப் பயம் போயிற்று. குழந்தைவேலுவோ பின்சீட்டின் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் "ம்" என்று மட்டும் சொன்னார்.

முதலில் ஷ்வேதகோன் புத்தர் கோயில். பொன்னென்றால் அப்படி ஒரு பொன். வெயிலில் கண் கூசியது. கீழே சுற்றிலும் கிழமைக்கு ஒரு சின்னச் சன்னதி. அவரவர் பிறந்த கிழமையில் போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஷாஹுல் சொன்னார். அம்சவேணிக்குத் திங்கட்கிழமை. அவளைப் புலிச் சிலைக்கு முன்னால் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் குழந்தைவேலுவைக் காணோம். தேடிப் போனால், எதிர்மூலையில் கொம்பில்லாத யானைக்கு முன்னால் நின்று கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"ஐயா புதன்கெழம மத்தியானத்துல பொறந்தவங்களா?" என்று ஷாஹுல் ஆச்சரியப்பட்டார். "புதன்ல காலைக்கு ஒரு எடம், மத்தியானத்துக்கு ஒரு எடம்னு வெளியூர்க்காரங்க யாருக்கும் தெரியாதே."

"எல்லாரும் ஊத்துனாங்க, நானும் ஊத்துனேன்" என்றார் குழந்தைவேலு. அம்சவேணிக்கு அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஐந்து வயதில் பார்த்தது ஞாபகம் இருக்கும் போல என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் சொல்லிக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

பிறகு ஸ்காட் மார்க்கெட்டில் செல்வத்துக்கு ஒரு லுங்கி, அவளுக்குப் பச்சைக் கல் வைத்த ஒரு வளையல். அதற்குள் பசி வந்துவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை, அம்சவேணி சைவம். எந்தக் கறியிலும் நாப்பி என்று ஒரு மீன் விழுது போட்டுவிடுவார்கள், அழுகின மீன் வாசம் வரும், அதனால் ஓட்டலை நம்ப முடியாது என்றார் ஷாஹுல்.

"தாகேதாவுல ஒரு முருகன் கோயில்ல இன்னிக்கு அலூம்மா. காலைல ஒரு சவாரிய அந்தப் பக்கம் எறக்கிவிட்டேன், பெரிய அடுப்பா எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு."

"அலூன்னா?"

"சாப்பாடு போடுறதும்மா. எதாச்சும் புண்ணியத்துக்குப் போடுவாங்க. வழியில போறவங்களக்கூடக் கூப்பிட்டு ஒக்கார வெப்பாங்க. நானே எத்தனையோ தடவ சாப்பிட்டிருக்கேன்."

அன்னதானம் என்று அம்சவேணி எடுத்துக்கொண்டாள். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் ஊரில் திதி என்றால் வீட்டுக்குள், சொந்தக்காரர்களோடு முடிந்துவிடும். முன்பின் தெரியாத சுமங்கலியைத் தெருவிலிருந்து கூப்பிட்டு அந்தப் பந்தியில் யாரும் உட்காரவைக்க மாட்டார்கள். ரங்கூன் தமிழர்கள் பர்மாக்காரர்களோடு பழகிப் பழகி, கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, எதுவானாலும் ஊரையே கூட்டிச் சோறு போடுகிறவர்கள். எதற்காக என்று கேட்டுவிட்டு உட்காருகிற வழக்கமும் அங்கே இல்லை.

"தாகேதாவா?" குழந்தைவேலு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பக்கமெல்லாம் வேணாம். கப்பல விட்டுருவோம்."

"கப்பலுக்குப் போற வழியே அதாங்கய்யா" என்று சிரித்தார் ஷாஹுல். "பசுண்டாங் ஓடைப் பாலத்தத் தாண்டினா தாகேதா. அப்படியே தன்லின் பாலம், தீலவா."

குழந்தைவேலு மறுபடி சீட்டின் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டார். கோயில் வாசலில் கார் நின்றதும், வயிறு சரியில்லை, நீ மட்டும் சாப்பிட்டுவிட்டு வா என்று தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பாவம், பிறந்த ஊரைப் பார்த்ததில் மனசு கலங்கியிருக்கிறது என்று அம்சவேணி தனியாக இறங்கினாள்.

தகரக் கொட்டகைக்குக் கீழே நீளமாகப் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். பரிமாறியவர்களில் ஒருத்திக்கு அறுபது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கன்னத்தில் பர்மாக்காரிகள் போலத் தனக்கா மரப்பட்டைப் பூச்சு, நெற்றியில் திருநீற்றுக் கீற்று, பொட்டு இல்லை. அவள் அம்சவேணியின் இலைக்கு முன்னால் வந்ததும் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, "எந்த ஊரும்மா?" என்று கேட்டாள்.

"பினாங்குங்க. கப்பல்ல வந்தோம்."

"பினாங்கா" என்று சொல்லிவிட்டு, குனிந்து நிதானமாகச் சாம்பார் ஊற்றினாள். பிறகு பாயசம் கொண்டுவந்தவளும் அவள்தான். அம்சவேணி இன்னொரு கரண்டி கேட்டபோது இரண்டு கரண்டி விட்டாள். அத்தனை ருசி. வாழைக்காய்ப் பொரியலும் பாகற்காய்க் குழம்பும் வடையுமாக இலை நிறைந்திருந்தது. எள்ளுருண்டை வந்து விழுந்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. வாழைக்காய், பாகற்காய், வடை, எள். இது அன்னதானச் சமையல் இல்லையே.

பக்கத்து இலைக்காரியிடம், "இன்னிக்கு என்னா விசேஷங்க?" என்று கேட்டாள்.

"திதிம்மா. டோ புஷ்பலதாவோட வீட்டுக்காரருக்கு. வருஷா வருஷம் போட்டுடுவாங்க. அதோ படம் இருக்கு பாருங்க" என்று கோடியில் இருந்த நாற்காலியைக் காட்டினாள் அந்த அம்மாள். டோ என்றால் பர்மியில் மரியாதைக்குரிய அம்மா.

அம்சவேணி திரும்பிப் பார்த்தாள். அவள் மகன் செல்வத்தின் படம். மல்லிகை மாலை போட்டு, முன்னால் விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அவளுக்கு உயிரே போய்விட்டது. என் பிள்ளை படத்துக்கு மாலை போட்டது யார் என்று எழுந்து ஓடப் பார்த்தாள். கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. மறுபடி பார்த்தாள். பழைய படம், கையால் வர்ணம் பூசியது. இடது காது மடலின் கீழ்ப்பகுதி பிய்ந்திருந்தது. செல்வத்துக்குக் காது முழுசாக இருக்கும். நாய் கடித்துக் காது பிய்ந்த ஆள் அவளுக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். படத்துக்குக் கீழே தமிழிலும் அதற்கும் கீழே பர்மிய எழுத்திலும் பேர் போட்டிருந்தது. தமிழில் குழந்தைவேலு என்று தெளிவாக இருந்தது.

வாயில் இருந்த எள்ளுருண்டையை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நெற்றி நிறையக் குங்குமமும் கழுத்தில் தாலியுமாக உட்கார்ந்து தன் புருஷனின் திதிச் சோற்றைத் தின்றிருக்கிறாள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. காரில் இருப்பது யார்? இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தது யார்?

இலையை மூடக்கூட மறந்து எழுந்து, கொட்டகைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்கு ஓடினாள். உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. யாரோ பின்னாலிருந்து அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். பரிமாறிய அந்தப் பெண்மணிதான்.

"எல்லாம் வந்துடட்டும். வாயக் கொப்பளிங்க" என்று செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"படத்துல இருக்கறவரு..." என்று தொடங்கினாள் அம்சவேணி.

"என் வீட்டுக்காரரு. ஆத்துக்கு அக்கரையில இருக்கிற டாலாவுக்குப் போன படகு கவுந்துபோச்சு. ஒடம்பு கெடைக்கல." பலமுறை சொல்லிப் பழகிய பேச்சு அது; நிற்காமல் வந்தது. சொல்லிவிட்டுப் புஷ்பலதா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எல்லாருக்கும் இதத்தான் சொல்றது. ஒங்ககிட்ட அத எப்படிச் சொல்வேன்? அவரும் வந்திருக்காரா?"

அம்சவேணி செம்பைக் கீழே போட்டுவிட்டாள். ஒரு நாளைக்கு ஒரு மனுஷி எத்தனை அதிர்ச்சியைத்தான் தாங்குவாள்.

"என்னைய ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஒங்க கல்யாணப் படத்த ஒரு வருஷம் வெச்சுப் பாத்துக்கிட்டிருந்தவ நான். சரக்குக் கப்பல்ல வேலை பாத்த ஒருத்தரு பினாங்குலேருந்து கொண்டாந்து குடுத்தாரு. மாலையும் கழுத்துமா ரெண்டு பேரும் நிக்கிறீங்க. அவரப் பாத்தத விட ஒங்களப் பாத்ததுதான் ஜாஸ்தி. இந்த மூக்கும் மோவாயும் எனக்கு மறக்குமா? எலைக்கு முன்னால வந்ததுமே கண்டுபிடிச்சுட்டேன்."

"கண்டுபிடிச்சுட்டுமா எனக்குப் பாயசம் ஊத்தினீங்க?"

"பசிச்சு ஒக்காந்தவங்கள எழுப்பச் சொல்றீங்களா?" என்றாள் புஷ்பலதா.

குழாய்ப் பக்கத்தில் விறகு அடுக்கியிருந்தது. அதன்மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்ன, அம்சவேணி சரிந்தாள், மற்றவள் பிடித்து உட்காரவைத்தாள். கல்யாணமாகி ஒரு வருஷத்தில், ஊரில் கலவரமும் துப்பாக்கிச் சத்தமுமாக இருந்த சமயம், சயாம் எல்லைப் பக்கம் போய்ச் சம்பாதித்து உன்னையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம் குழந்தைவேலு. அப்போது அவள் மூன்று மாசம். போனவர் போனவர்தான்.

"பொட்டு வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா காத்திருந்தேன். ஓடிப்போனவன் பொண்டாட்டின்னுதான் வார்டு முழுக்க எம் பேரு. அவ எப்படி நடந்துக்கிட்டாளோ, அதான் ஓடிட்டான்னாங்க. பொழுது சாஞ்சா வந்து கதவத் தட்டுறவன் எத்தனை பேரு. அப்பத்தான் அந்தக் கல்யாணப் படம் வந்துச்சு. ஒரு வருஷம் போல அதப் பாத்துக்கிட்டே கெடந்தேன், ஒரு நாள் பொண்ணு பக்கத்துல வந்து ஒக்காந்து, அப்பா எங்கன்னு கேட்டா. கேட்ட வாக்குல சொல்லிட்டேன், படகு கவுந்துடுச்சுன்னு. மறுநாளே பொட்ட அழிச்சேன், வீட்டுல இருந்த அவரோட பழைய படத்துக்கு மாலைய போட்டேன். அதுக்கப்புறம் ஒருத்தனும் கதவத் தட்டல. தாலியறுத்தவன்னு மரியாத குடுத்தாங்க. எம் பொண்ணுக்கு நல்ல எடத்துல கல்யாணமும் ஆச்சு."

"பொண்ணா?"

"அதோ, தண்ணி ஊத்துறாரே, அவரு மருமகன். பக்கத்துல நிக்கிறது சத்யபாமா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அப்பான்னா படம்தான் அவளுக்கு."

அம்சவேணிக்கு யார்மேல் ஆத்திரப்படுவது என்றே தெரியவில்லை. இந்தப் பெண்மேல் படலாம் என்றால் அவளுடைய கை இன்னும் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. தன் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இவள் உயிரோடு இருக்கும்போது கட்டிய தாலி. நான் யார் அப்போது என்று நினைத்ததும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"நான் என்னாக்கா பண்ணட்டும்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. நான் எம் பங்குக்குச் சாகடிச்சுட்டேன்." புஷ்பலதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இங்க அவரு செத்தவராவே இருக்கட்டும். உசுரோட இருக்கறவனுக்கு சாமி முன்னால வருஷா வருஷம் எள்ளுத் தண்ணி எறச்சவன்னு தெரிஞ்சா, என்னைய இந்த வாசப்படி மிதிக்க விடமாட்டாங்க. சம்பந்தி வீட்டுல எம் பொண்ணு தலைநிமிர முடியாது. எங்க இருக்காரு? வண்டிலயா? அப்படியே கூட்டிக்கிட்டுப் போயிடுங்க."

அம்சவேணி சரியென்று தலையாட்டினாள். தலையாட்டி முடிக்கவில்லை, புஷ்பலதாவின் பிடி இறுகியது. கொட்டகையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியில் ஒரு ஐயா பசியோடு இருக்கிறார் என்று ஷாஹுல் போகிற போக்கில் சொல்லியிருக்க வேண்டும். சத்யபாமா போய்க் கூப்பிட்டுவிட்டாள். பசிதானோ, நேரம் ஆகிறதே என்ற பயம்தானோ, முப்பது வருஷம் ஆயிற்று யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்தானோ, குழந்தைவேலு தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். வழுக்கைத் தலை, தொப்பை, பினாங்குச் சட்டை. சத்யபாமா அவரைக் கொண்டுபோய் முதல் இலையில், படத்துக்கு நேர் எதிரே உட்காரவைத்தாள்.

"சாப்பிடுங்க ஊலே" என்று தானே பரிமாறினாள். மாமா என்பதற்குப் பர்மியில் ஊலே. அவளுக்குத் தமிழ் திக்கித் திக்கித்தான் வந்தது.

குழாயடியிலிருந்து இரண்டு பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். அவர் முதல் கவளத்தை வாயில் வைத்தார். தலையை நிமிர்த்தினார். படத்தைப் பார்த்தார். கை இலையிலேயே நின்றது.

இப்போது அலறப்போகிறார், மயங்கி விழப்போகிறார் என்று அம்சவேணி நினைத்தாள். அப்படி விழுந்திருந்தால்கூட அவள் அவரை மன்னித்திருப்பாள். குழந்தைவேலு மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும், பிய்ந்த காதை இடது கையால் மூடிக்கொண்டு, குனிந்து, சாப்பாட்டைத் தொடர்ந்தார். சாம்பாரும் குழம்பும் வடையும் ஒன்றுவிடாமல் சாப்பிட்டார்.

"காரமா, ஊலே?" என்று கேட்டாள் சத்யபாமா. இல்லை என்று தலையாட்டினார்.

பந்தி முடிகிற நேரம். அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அப்பா இல்லாத பெண் என்று, பந்தியில் உட்கார்ந்த ஆண்களில் மூத்தவரை அப்பாவாக நினைத்து சத்யபாமா கும்பிடுவாள். அன்று மூத்தவர் இவர்தான். சத்யபாமாவும் அவள் புருஷனும் மண்டியிட்டு, கைகூப்பி, நெற்றி தரையில் படும்படி அவர் முன்னால் மூன்று தடவை வணங்கினார்கள். புஷ்பலதா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

குழந்தைவேலு பர்மியில் ஆசீர்வாதம் சொன்னார். மடமடவென்று, ஒரு இடத்திலும் தடுக்காமல், உள்ளூர்ப் பெரியவர் சொல்வதுபோல நீளமாகச் சொன்னார். இருபத்தைந்து வருஷத்தில் அம்சவேணி அவர் வாயிலிருந்து பர்மியில் ஒரு சொல்கூடக் கேட்டதில்லை. ஐந்து வயதில் வந்தவன், எல்லாம் மறந்துவிட்டது என்பார்.

"பேரு என்னாம்மா?" என்று அவர் கேட்டது தமிழில்.

"சத்யபாமா, ஊலே. அம்மா டோ புஷ்பலதா. அப்பா, அதோ" என்று படத்தைக் காட்டினாள்.

படத்தைப் பார்த்ததுமே இவள் யார் மகள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் கேட்டார். அவர் வாய் திறந்தது. இதோ சொல்லப்போகிறார் என்று புஷ்பலதா விறகை விட்டு எழுந்துவிட்டாள். அவள் எழுந்த அசைவில் அவர் பார்வை குழாயடிக்கு வந்தது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு பெண்டாட்டிகளையும் பார்த்தார். திறந்த வாயை மூடினார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, எச்சில் கையோடு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"போறாரு பாருங்க" என்றாள் புஷ்பலதா. குரலில் நிம்மதியும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. இரண்டையும் மறைக்க அவள் முயலவில்லை. "நீங்களும் போங்கம்மா. வெறும் வயித்தோட போறீங்க. என்னைய மன்னிச்சுடுங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களில் கேட்டது அவள் ஒருத்திதான். அம்சவேணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். விருந்தாளிக்கு வாந்தி எடுத்துக் களைப்பு என்று சத்யபாமா சோடா வாங்க ஓடினாள்.

கார் தன்லின் பாலத்தில் ஏறியது. ஷாஹுல் கண்ணாடியில் இருவரையும் ஒருதரம் பார்த்துவிட்டு, ஏதோ சரியில்லை என்று தெரிந்து, பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"அவ எதாச்சும் சொன்னாளா?" என்று குழந்தைவேலு ஆரம்பித்தார்.

"படகு கவுந்து நீங்க செத்துட்டீங்கன்னு சொன்னாங்க."

"அந்தப் பொண்ணுக்கு?"

"அதுக்கும் நீங்க செத்தவருதான்."

அவர் சீட்டில் சாய்ந்துகொண்டு பெருமூச்சு விட்டார். அழப்போகிறார் என்று அம்சவேணி ஒரு கணம் நம்பினாள். அத்தனைக்குப் பிறகும் நம்பினாள்.

"நல்லவேள" என்றார். "அப்படியே இருக்கட்டும். எல்லாருக்கும் அதான் நல்லது. அப்போ சூழ்நெல அப்படி, அம்சா. ஒனக்குப் புரியாது." பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டே தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "கைப்பக்குவம் மட்டும் மாறவே இல்ல அவளுக்கு."

படத்தைப் பார்த்தபோதுகூட அம்சவேணிக்கு இப்படி இல்லை. அப்போது பயந்தாள், இப்போது அருவருத்தது. அவரை விட்டுத் தள்ளி, கதவோடு ஒட்டி உட்கார்ந்தாள். இந்த மனிதரின் வாடிய முகத்துக்குத்தான் கோப்பி கலந்து கலந்து கொடுத்தோம் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. செல்வம். வீடியோவில் அவன் முகம் வந்தது. மாலை போட்டிருந்த அதே முகம், காது மட்டும் முழுசாக.

"அம்மா, ரங்கூன் எப்படி? அப்பாவோட ஊரு புடிச்சிருந்துச்சா? அப்பா எங்க?"

அவள் வாயைத் திறந்தாள். அப்பாவுக்குக் காய்ச்சல், தூங்குகிறார் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று வரிசையாக நின்றன. ஒரு பிள்ளை எதிரே வந்து அப்பா எங்கே என்று கேட்டால் உண்மை வாயில் வருவதில்லை. டாலா படகு எப்படிக் கவிழ்ந்தது என்று அம்சவேணிக்கு அப்போது விளங்கியது. அதைச் சுமந்துகொண்டு அந்தப் பெண் இத்தனை வருஷம் அடுப்பு மூட்டியதும் விளங்கியது.

குழந்தைவேலு அவளைப் பார்த்து, வேண்டாம், ஒன்றும் சொல்லாதே என்று கையை ஆட்டினார்.

அவள் போனை நெஞ்சோடு அழுத்தி மூடிக்கொண்டாள். "அவங்க ஒங்களுக்காக ஒரு படகக் கவுத்தாங்க. நான் கவுக்க மாட்டேன்" என்றவள், போனை நெஞ்சிலிருந்து எடுத்தாள். "இவன் ஒங்க புள்ள. நீங்களே சொல்லுங்க."

போனை அவர் கையில் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், அவள் வாங்கவில்லை.

"என்னப்பா, என்னா சொல்லணும்?" என்று செல்வம் கேட்டுக்கொண்டிருந்தான்.